பன்னிரண்டில் நின்ற பீர்

சான் ஹோசே
8 செப்டம்பர் 2024

அக்கா,

போன் அடித்தால் ஒரே ரிங்கில் வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய் என்பது புரியவே சில நாள் ஆனது, அவ்வளவு மக்கு உன் தம்பி. தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கையால் தமிழ் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

மச்சானுக்குக் கண் எப்படி இருக்கிறது? ஊருக்கு, கோபிக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டால், "ஆபரேஷன் ஆயிருச்சாம் சாமி, நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்று பேச்சை மாற்றுகிறாள். அதற்கு மேல் எனக்கு எந்தத் தகவலும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசியது அப்படியே காதில் இருக்கிறது. "அவசர அவசரமா பீர பாட்டில்ல அடைச்சு என்ர வீட்டு பேஸ்மென்ட்ல வெச்சுட்டு நீ பாட்டுக்கு கலிஃபோர்னியா போயிட்ட. இங்க என்ர புருசன் கண்ணு போச்சு. இனி என்ர மூஞ்சியில முழிக்காத."

தப்பு என்னுடையது என்றால் காலில் விழுகிறேன். ஆனால் என்ன தப்பு என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் தூங்கவிடாமல் பண்ணுகிறது.

நீ பீர் வாசத்துக்கே மூக்கைப் பொத்துகிறவள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஹைட்ரோமீட்டர் என்பது நம் ஊர் பால் சொசைட்டியில் பாலுக்குள் விடும் பால்மானி மாதிரிதான். சர்க்கரை அதிகம் இருந்தால் உயர்ந்து மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். இறங்குவது நின்றால் பீர் புளித்து முடிந்தது என்று அர்த்தம். அதைத்தான் ஃபைனல் கிராவிட்டி என்கிறோம். முடிந்த பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். முடியாமல் அடைத்தால் உள்ளே காற்று சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

உன் பேஸ்மென்டில் நாங்கள் கடைசியாகப் போட்ட அந்த பீர் 1.052-இல் தொடங்கியது. 1.012-இல் நின்றது. மச்சானும் நானும் கடைசி இரண்டு எண்ணைத்தான் சொல்வோம், ஐம்பத்திரண்டு, பன்னிரண்டு என்று. செவ்வாய், வியாழன், சனி, மூன்று தடவையும் அதே பன்னிரண்டு. அதோடும் விடவில்லை. ஒரு சின்ன ஜாரில் தனியாக எடுத்து, ஈஸ்டை அள்ளிப் போட்டு, உன் அடுப்பு மேடைச் சூட்டில் வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "சாம்பார்ப் பொடி பக்கத்துல என்ன கருமம்டா இது" என்று கத்தினாயே, அதே ஜார்தான். அது பதினொன்றில் நின்றது. அந்த பீரில் பதினொன்றுக்குக் கீழே ஈஸ்டுக்குத் தின்ன எதுவும் மிச்சமில்லை என்பதற்கு அது சாட்சி. ஞாயிற்றுக்கிழமை பாட்டிலில் அடைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

நின்றுபோன பீர் எதற்கு வெடிக்க வேண்டும்? மிச்சம் பாட்டில் ஏதாவது இருந்தால் ஒன்றே ஒன்றை அளந்து சொல்கிறாயா? ஹைட்ரோமீட்டர் பேஸ்மென்ட் டிராயரில்தான் இருக்கிறது.

அகிலன்

*

பார்சிப்பனி
17 செப்டம்பர் 2024

அகிலன்,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. பிரிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர்தான் "மாப்ள எழுதியிருக்கான், படி" என்றார். போனில் உன்னோடு பேசினால் நான் கத்துவேன், இல்லை அழுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

கண்ணைக் கேட்டாய். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. டாக்டர் "வெயிட் பண்ணலாம்" என்கிறார். எதற்காக வெயிட் பண்ணுகிறோம் என்று அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. டீயைக் கப்பில் ஊற்றுவதாக நினைத்துப் பக்கத்தில் ஊற்றுகிறார். பிறகு யாரும் பார்ப்பதற்குள் துடைக்கிறார். கார் ஓட்டுவது கிடையாது, ரூட் 46-இல் அவரை ஆபீசில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகிறேன்.

அன்றைக்கு நடந்ததையும் தெரிந்துகொள். டயப்பர் பெட்டி எடுக்க பேஸ்மென்டுக்கு இறங்கினார். பாட்டில் அட்டைப்பெட்டி வழியில் இருக்கிறதென்று குனிந்து நகர்த்தினார். ஒன்று வெடித்தது, அதைத் தொட்டு அடுத்தது, அப்புறம் வரிசையாக. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் சந்தில் ரத்தம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கண்மணி தவழ்ந்து தவழ்ந்து பேஸ்மென்ட் படித் தடுப்புக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவரோடு அவளையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தால்? இதை நினைக்காத நாள் இல்லை.

நான் மருந்துக் கம்பெனியில் க்வாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிறவள். ஏதாவது தப்பாகிப் போனால் எல்லாரும் முதலில் சொல்வது "ரீடிங் சரியாத்தான் இருந்துச்சு" என்பதுதான். நீயும் அதையே எழுதியிருக்கிறாய். வீட்டைக் காலி பண்ணுகிற அவசரத்தில் என்ன பார்த்தாயோ, எதைப் பன்னிரண்டு என்று நினைத்தாயோ!

ஐந்து பாட்டில் மிச்சம். கூலர் பெட்டிக்குள் வைத்து மூடிப் பின்பக்க ஷெட்டில் போட்டிருக்கிறேன். அளக்கவெல்லாம் எனக்கு நேரமில்லை.

இன்னொன்று. நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் லீவு வெள்ளிக்கிழமை கோயில் ஹாலில் கண்மணிக்குக் காது குத்து. எடிசனில் இருக்கும் குமாரசாமி அண்ணன் நம் கூட்டத்துக்காரர், எனக்கு அண்ணன் முறை. தாய்மாமனாக அவர் மடியில் வைத்துக் குத்துவதாக முடிவு பண்ணிவிட்டோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நீ டிக்கெட் எதுவும் போட வேண்டாம்.

மரகதம்

*

சான் ஹோசே
24 செப்டம்பர் 2024

அக்கா,

கடிதத்தைப் பார்க்கிங்கில் காருக்குள் வைத்தே படித்தேன். மேலே வீட்டுக்குப் போகக் கொஞ்ச நேரமானது.

குமாரசாமி அண்ணன் நல்லவர். ஆனால் கூடப் பிறந்தவன் நான் இருக்கிறேன். பாப்பா பிறந்த அன்றைக்கு அவளை என் கையில் கொடுத்து, "காது குத்தறப்ப உன்ர மடிதான்டா, தொப்பையக் குறைச்சு வை, புள்ள உக்கார எடம் வேணும்" என்று சொன்னது நீதான். அந்த வாரமே கம்மல் வாங்கிவிட்டேன். நீலக்கல் ஒன்று வைத்த பொட்டுக் கம்மல். கலிஃபோர்னியாவுக்கு மற்ற சாமானெல்லாம் லாரியில் வந்தது, அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். உனக்குக் கோபம் இருக்கட்டும், ஆயிரம் திட்டு. மடியைப் பறிக்காதே அக்கா. எனக்கு வேறு என்ன உரிமை இருக்கிறது அந்த வீட்டில்!

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், இதைக் கவனமாகக் கேள். அந்த ஐந்தும் இப்போதும் ஆபத்துதான். மூன்று புள்ளி கூடுதலாக இறங்கினாலே பாட்டில் தாங்குவது கஷ்டம். கூலருக்குள் ஐஸ் நிறையக் கொட்டி ஒரு நாள் முழுக்க விடு. நன்றாகச் சில்லிட்டால் காற்று பீருக்குள் அடங்கும். உன் லேப் கண்ணாடி, கெட்டி கையுறை, பனிக்கு மாட்டும் பெரிய கோட், எல்லாம் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் துண்டில் சுற்றி, மூடியை லேசாக லேசாகத் தூக்கு. பாப்பா வீட்டுக்குள் இருக்கட்டும். மச்சானும் உள்ளேயே இருக்கட்டும். அளந்தாலும் சரி, அளக்காவிட்டாலும் சரி, அடைத்த பாட்டிலாக அவற்றை வைத்திருக்காதே.

அளப்பதானால் உடனே ஹைட்ரோமீட்டரை விடாதே. அதன் உடம்பில் குமிழி ஒட்டிக்கொண்டு மேலே தூக்கிவிடும், அதிகமாகக் காட்டும். காபி ஆற்றுகிற மாதிரி இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி நுரை அடங்கும்வரை ஆற்று. ரூம் சூட்டுக்கு வரட்டும். அதன் பிறகு பார். முதலில் வெறும் தண்ணீரில் விட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடு. கருவியே பொய் சொல்லியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்படியென்றால் தப்பு என்னுடையதுதான், அளக்குமுன் நான் சோதித்திருக்க வேண்டும்.

நான் இங்கே பீர் போடுவதில்லை. பேஸ்மென்டும் இல்லை, மச்சானும் இல்லை.

அகிலன்

*

பார்சிப்பனி
6 அக்டோபர் 2024

தம்பி,

நேற்று அளந்தேன்.

அளக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கூலரை வீட்டருகில் வைத்துக்கொண்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சொன்னபடி ஐஸ், கண்ணாடி, கையுறை, உன் மச்சானுடைய ஸ்னோ கோட். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து "ஆர் யூ ஓகே?" என்றாள். அக்டோபர் வெயிலில் கோட் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டிலோடு மல்லுக்கட்டுகிறவளைப் பார்த்து வேறென்ன கேட்பாள், பாவம். இரண்டு பாட்டிலின் மூடி தொட்டதும் பறந்து ஷெட் கூரையில் அடித்தது. மூன்று ஒழுங்காகத் திறந்தன.

முதலில் தண்ணீர். பூஜ்யம், முடி அளவும் பிசகில்லை. உன் கருவி சரி.

பீரை அவசரத்தில் ஆற்றாமல் விட்டேன், ஆறு காட்டியது. பிறகு எவர்சில்வர் டம்ளர் இரண்டை எடுத்து உட்கார்ந்து ஆற்றினேன். அந்த டம்ளர்களை இனிக் காபிக்கு எடுக்க முடியாது, அந்தக் கணக்கு தனி. நுரை அடங்கி, சூடு ஏறியபின் பார்த்தால் ஒன்று. 1.001. நம்பாமல் இன்னொரு பாட்டில் பார்த்தேன், அதுவும் ஒன்று. மூன்றாவதும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. நீ அவசரப்பட்டுப் பதினாறிலோ பதினெட்டிலோ அடைத்திருப்பாய், அது பாட்டிலுக்குள் மெதுவாகப் பன்னிரண்டுக்கு வந்திருக்கும், அதில்தான் வெடித்தது என்று நான் மனசுக்குள் தீர்ப்பே எழுதி வைத்திருந்தேன். பதினொன்றுக்குக் கீழே போகவே முடியாது என்று உன் ஜார் சொன்ன பீர் எப்படி ஒன்றில் வந்து நிற்கும்? ஈஸ்டுக்குப் புதிதாகத் தீனி கிடைத்திருக்கிறது. எங்கள் லேப்பில் இப்படி நடந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடுவுல உள்ள என்ன போச்சு?" என்பதுதான்.

முகர்ந்து பார்த்தேன், கெட்ட புளிப்பு வாடை இல்லை. பாட்டில் அடியில் படிவு இருந்தது. முன்பெல்லாம் நீங்கள் கழுவ வைத்திருக்கும் பாட்டிலில் வெள்ளையாகத்தான் பார்த்திருக்கிறேன். இது செங்கல் தூள் மாதிரி பழுப்பும் சிவப்புமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் உன்னை அவசரப்பட்டுத் திட்டிவிட்டேனோ என்று நேற்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. குமாரசாமி அண்ணனிடம் இன்னும் எதுவும் மாற்றிச் சொல்லவில்லை. காரணம் தெரியட்டும்.

சாப்பிடும்போது உன் மச்சானிடம் எண்களையெல்லாம் சொன்னேன். தட்டில் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "விட்ரு மரகதம், நடந்தது நடந்து போச்சு, இனி அளந்து என்னாகப் போகுது" என்றார். பாவம், கண்ணைப் பற்றிய பேச்சு வந்தாலே இப்படித்தான் ஆகிவிடுகிறார்.

அக்கா

*

சான் ஹோசே
13 அக்டோபர் 2024

அக்கா,

இதோடு விட்டுவிடலாம். தப்பு என்னுடையதுதான்.

சனிக்கிழமை நான் பார்த்தது பன்னிரண்டு இல்லை. பதினாறு. லாரிக்காரன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது, அதனால் பன்னிரண்டு என்று மச்சானிடம் சொல்லிவிட்டு அடைத்துவிட்டேன். செவ்வாய், வியாழன் என்று எழுதியதெல்லாம் உன்னிடம் தப்பிக்கத்தான். நீ ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னது அத்தனையும் சரி.

படிவின் நிறமெல்லாம் ஒன்றுமில்லை, மால்ட் தூளாக இருக்கும். மிச்ச பீரைச் சிங்க்கில் கொட்டிவிடு. பாட்டிலைக் கழுவி ரீசைக்கிளில் போட்டுவிடு. இனி எதையும் அளக்காதே. மச்சானிடமும் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே, அவர் பட்டது போதும்.

காது குத்துக்குக் குமாரசாமி அண்ணன் மடியே இருக்கட்டும். கம்மலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருகு கொஞ்சம் இறுக்கம், பார்த்துப் போடு.

அகிலன்

*

பார்சிப்பனி
20 அக்டோபர் 2024

தம்பி,

கம்மல் பத்திரமாக வந்தது. சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

பதினாறு என்கிறாய். சரி, பதினாறு என்றே வைத்துக்கொள்வோம். அதே பீர்தான் என் அடுப்பு மேடையில் பதினொன்றில் நின்றது. பதினாறில் அடைத்தாலும் ஐம்பதில் அடைத்தாலும் அது வந்து நிற்க வேண்டிய இடம் பதினொன்று. ஒன்றில் எப்படி வந்து நின்றது? இந்தக் கேள்விக்கு உன் கடிதத்தில் பதிலே இல்லை. முதல் கடிதத்தில் மூச்சுவிடாமல் எண்ணாக எழுதியவன், இதில் ஒரே ஒரு எண் எழுதியிருக்கிறாய், அதுவும் தப்பு.

அப்புறம் உன் நம்பரைத்தான் பிளாக் பண்ணினேன், ஃபேமிலி குரூப்பை அழிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நீ போட்ட போட்டோ இன்னும் அதில் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் பன்னிரண்டில் நிற்கிறது. கீழே "மிஷன் சக்சஸ்" என்று எழுதி, பக்கத்தில் உன் மச்சான் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு கண்ணும் சிரிக்கிறது அந்தப் படத்தில். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயசில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு "காத்து அடிச்சுது" என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் பொய் எனக்குத் தெரியும். உனக்குச் சுத்தமாக வராது. ஆனால் அப்போதெல்லாம் தப்பிக்கப் பொய் சொல்வாய். மாட்டிக்கொள்வதற்காக ஏன் பொய் சொல்கிறாய்? யாருக்காக?

பதில் எழுது.

அக்கா

*

சான் ஹோசே
27 அக்டோபர் 2024

அக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடு. என்னோடு கோபமாக இருந்தால் மூவாயிரம் மைல் தள்ளித்தான் இருக்கிறேன், உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு வருஷம் பேசாமல் இருப்பாய், அப்புறம் பேசுவாய். என்றைக்கிருந்தாலும் நான் உன் தம்பிதான். எனக்கு அது போதும்.

ஒரே வீட்டுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாது அக்கா. அதற்கு மேல் கேட்காதே.

பாப்பாவை நான் கேட்டதாகச் சொல்.

அகிலன்

*

பார்சிப்பனி
9 நவம்பர் 2024

தம்பி,

கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு முன்னாலேயே நீ கண்டுபிடித்துவிட்டாய் என்பதையும் சேர்த்துத்தான்.

கடைசிக் கடிதத்தில் "ஒரே வீட்டுக்குள்" என்று எழுதினாயே, அதிலிருந்து என் மனசு சரியில்லை. இன்று காலை பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். ஏதோ யோசனையில் விட்டதில் களி மாதிரி இறுகிவிட்டது. அதற்கு அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம் உனக்கும் தெரிந்திருக்கும். வெதுவெதுப்பாக ஆறவிட்டு, முளைகட்டிய ராகி மாவை ஒரு சிட்டிகை, வேகவைக்காமல் பச்சையாகவே தூவிக் கலக்கினால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகி ஓடும், லேசாக இனிக்கவும் செய்யும். குமாரசாமி அண்ணன் ஊருக்குப் போய்விட்டு ஜூனில் திரும்பியபோது அம்மா கொடுத்துவிட்ட மாவு. தூவினேன், கலக்கினேன், கண்முன்னே இளகியது. ஸ்பூனில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தேன். செங்கல் தூள் நிறம்.

தானியம் முளைக்கும்போது மாவைச் சர்க்கரையாக வெட்டுகிற என்சைம் அதற்குள் ஊறுகிறது. வேகவைத்தால் செத்துவிடும், பச்சையாகப் போட்டால் வேலை செய்துகொண்டே இருக்கும். ஈஸ்டால் தின்ன முடியாமல் விட்டு வைத்ததை எல்லாம் அது துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. ஈஸ்ட் தின்று தீர்க்க, பீர் ஒன்றில் வந்து நின்றிருக்கிறது. தினமும் காலையில் கஞ்சியில் பார்ப்பதை பாட்டிலில் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நீ நிறத்தைக் கேட்டதுமே பிடித்துவிட்டாய்.

உன் மச்சான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டேபிளில் உட்கார்ந்திருந்தார். மாவு டப்பாவை முன்னால் வைத்தேன்.

"மாமா, இத பீர்ல போட்டீங்களா?"

டப்பாவைப் பாப்பா கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். "ஒரு கை அளவுதான் மரகதம். சனிக்கிழமை மாப்ள அளந்துட்டுக் கடைக்குப் போனான் பாரு, அப்பக் கரைச்சு ஊத்துனேன். நம்மூரு ராகி வாசத்தோட ஒரு பீரு, தயாரானதும் அனுப்பி வெக்கலாம்னு. திறந்து குடிக்கறப்ப அவனுக்கே சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. வேக வெச்சா வாசம் போயிரும்னு பச்சையாவே போட்டேன்."

"ஆஸ்பத்திரியிலயே தெரியுமா உங்களுக்கு?"

"சத்தியமாத் தெரியாது. நீ அளந்துட்டு வந்து உள்ள என்னமோ போயிருக்குன்னு சொன்ன பாரு, அன்னைக்குத்தான் சுருக்குன்னுச்சு. அதுக்குள்ள நீ அவன்கூடப் பேச்சையே நிறுத்தியிருந்த. கூடப் பொறந்தவனையே ஒதுக்கறவ, என்னைய என்ன செய்வியோன்னு பயமாப் போச்சு."

சொல்லிவிட்டு அழுதார். அடிபட்ட கண்ணிலும் தண்ணீர் வருகிறது தம்பி, பார்வை இல்லாவிட்டாலும் அது மட்டும் வருகிறது. பாப்பா அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. உனக்கு ஆசையாக ஒன்று செய்யப் போய்த் தன் கண்ணையே கொடுத்த மனுஷனை நான் என்னவென்று திட்டுவது! ஆனால் ஒரு மாசமாகத் தெரிந்தும், பழி உன்மேலேயே கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாரே, அதை மட்டும் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. டீ நான்தான் ஊற்றித் தருகிறேன். பேச்சு அளவோடுதான் இருக்கிறது. போகப் போகச் சரியாகுமா என்று கேட்காதே, தெரியாது.

உன்மேலும் கோபம் குறையவில்லை. நீ என் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய அந்தக் கடிதம் எனக்கு எப்படி வலித்தது தெரியுமா? அவர் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று அவர் நினைத்தார். நீயும் அதையே நினைத்தாய். இரண்டு பேரும் சேர்ந்து என்னை என்னவென்று நினைத்து வைத்திருக்கிறீர்கள்? நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் வீட்டில் நடந்ததை மட்டும் நான் தெரிந்துகொள்ளக் கூடாதா? நான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னேன், அது என் தப்பு, அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தப்பு அப்படியே நிலைக்கட்டும் என்று நீ விட்டாயே, அதற்கு நீ கேள்.

அவர் உன்னிடம் பேச வேண்டும் என்கிறார். நேரில் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

குமாரசாமி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "நல்லதாப் போச்சு அம்மிணி, புள்ள கத்தற கத்துல என்ர காது போயிருமோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்று சிரித்தார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள், அழுதிருப்பாள்.

உன் நம்பரை அன்பிளாக் பண்ணிவிட்டேன், ஆனால் போன் பண்ணாதே. டிக்கெட் போடு. செவ்வாய்க்கிழமையே வந்துவிடு, புதன்கிழமை லீவுக் கூட்டத்தில் ஏர்போர்ட் பக்கம் போக முடியாது. கம்மல் சாமி அலமாரியில் இருக்கிறது. நீயே எடுத்துக் கொடு.

ஒரே ஒரு நிபந்தனை. ஊசியைப் பார்த்ததும் பாப்பா மிரண்டு உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அப்போது எல்லாரும் சொல்கிற மாதிரி "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வலிக்காது" என்று நீயும் சொல்லாதே. வலிக்கும் என்றே சொல். சொல்லிவிட்டு, கெட்டியாகப் பிடித்துக்கொள்.

அக்கா